குவியாடியைச் சோதித்த பத்து மாதம்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நிற்கும் தொலைநோக்கியில் இரண்டு ஆடிகள். 200 மி.மீ. அகலமுள்ள பெரிய ஆடியை அரைத்து, பாலிஷ் போட்டு முடிக்க நான்கு மாதம் ஆனது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன ஆடிக்குப் பத்து மாதம். கண்ணாடியைத் தேய்த்த நேரம் அதில் கொஞ்சம்தான். தேய்த்தது சரியா, தவறா என்று கண்டுபிடிப்பதில்தான் மாதங்கள் போயின.

முதலில் என்னிடம் இருந்தது நியூட்டோனியன் வகைத் தொலைநோக்கி. பெரிய ஆடி பரவளையம், குவியத் தொலைவு 800 மி.மீ., அதாவது எஃப்/4 (அகலத்தைப்போல நான்கு மடங்கு). நெபுலாக்களுக்கு அருமையானது. ஆனால் எனக்கு ஆசை வியாழன் மேலும் சனி மேலும். கோள்களுக்கு நீண்ட குவியத் தொலைவு வேண்டும். அதே பெரிய ஆடியை வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு சிறிய குவியாடியை நிறுத்தினால் காசிகிரெய்ன் அமைப்பு கிடைத்துவிடும். ஒளி குவிவதற்கு 200 மி.மீ. முன்பே குவியாடி அதைப் பிடித்து, பெரிய ஆடியின் நடுத்துளை வழியாகப் பின்னால் அனுப்புகிறது. நான்கு மடங்கு பெருக்கம் எடுத்துக்கொண்டேன். மொத்தக் குவியத் தொலைவு 3200 மி.மீ., ஆடிகளுக்கு இடையே இருப்பதோ 600 மி.மீ. மட்டும். படம் பெரிய ஆடிக்கு 200 மி.மீ. பின்னால் விழும். இந்தக் கணக்குக்குக் குவியாடியின் வளைவு ஆரம் 533 மி.மீ. வருகிறது. வடிவம் அதிபரவளையம். கோளத்திலிருந்து வடிவம் எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் கூம்பு எண் மைனஸ் 2.78. இந்த எண்ணைப் பெருக்கம் மட்டுமே தீர்மானிக்கிறது, ஆடியின் அளவுக்கு அதில் பங்கில்லை. காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் எஃப்/3.25-ஐ எஃப்/13 ஆக்குகிறது. அதே நான்கு மடங்கு. அது தெரிந்த நாளில் ஏதோ சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

சிக்கல் இனிதான். குழியாடியைச் சோதிப்பது சுலபம். அதன் வளைவு மையத்தில் ஊசிமுனை அளவு வெளிச்சத்தை வைத்தால், ஒளி போய்த் திரும்பி அதே இடத்துக்கு வரும். வரும் இடத்தில் ஒரு பிளேடை நுழைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் கண்ணாடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858-ல் கொடுத்த இந்தக் கத்திமுனைச் சோதனைதான் இன்றைக்கும் வீட்டில் ஆடி செய்கிறவர்களின் கண். குவியாடியில் விழும் ஒளியோ விரிந்து ஓடிவிடுகிறது. அது எங்கேயும் கூடுவதில்லை, பிளேடு வைக்க இடமே கிடையாது.

காசிகிரெய்ன் வடிவம் 1672-லேயே வெளிவந்துவிட்டது. ஆனாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் ஷார்ட் போன்ற கைதேர்ந்தவர் பெரும்பாலும் கிரிகோரியன் வகையையே செய்தார். அதில் துணை ஆடி குழிவானது, மெய்ப்பிம்பம் தரும், சோதித்துப் பார்க்கலாம். என் குவியாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் அவருடைய முடிவு எனக்கு நன்றாகவே புரிந்தது.

என்னென்ன வழிகள் இருந்தன என்று சொல்லிவிடுகிறேன். 1931-ல் ஹிண்டில் சொன்ன முறையில், நடுவில் துளையிட்ட ஒரு பெரிய கோளக் குழியாடியைக் குவியாடிக்கு எதிரே வைத்து, விரிந்து போகும் ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். மிகச் சுத்தமான சோதனை. ஆனால் என் அளவுகளுக்கு 125 முதல் 200 மி.மீ. வரை அகலமும் ஆழமான வளைவும் உள்ள இன்னொரு ஆடி செய்தாக வேண்டும். ஒரு சின்ன ஆடிக்காக இன்னொரு பெரிய ஆடி என்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கண்ணாடியின் பின்பக்கம் வழியாகப் பார்த்து, குவிந்த முகத்தைக் குழிந்ததாகச் சோதிப்பது இன்னொரு வழி. அதற்குக் கண்ணாடி உள்ளுக்குள் ஒரே சீராக இருக்க வேண்டும், பின்முகமும் நல்ல தட்டையாக வேண்டும். கடையில் வாங்கிய 12 மி.மீ. கண்ணாடியில் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

மூன்றாவது வழி சோதனையை விட்டு வடிவத்தையே மாற்றுவது. 1928-ல் இங்கிலாந்தில் ஹொரேஸ் டால் வடிவமைத்தது, பிறகு அமெரிக்காவில் ஆலன் கிர்க்கமும் தனியாகக் கண்டது. இந்த டால்-கிர்க்கம் அமைப்பில் குவியாடி வெறும் கோளம், பெரிய ஆடி நீள்வட்டம். என் அளவுகளுக்குப் பெரிய ஆடியில் பரவளையத்துக்கு வேண்டிய திருத்தத்தில் 70 சதவீதம் கொடுத்தால் போதும். படத்தின் ஓரத்தில் கோமா, அதாவது நட்சத்திரம் வால் முளைத்த மாதிரி தெரியும் குறை, கூடும். அதே எஃப்/16 பரவளைய ஆடியில் வருவதைப்போல எட்டரை மடங்கு. நடுவில் வைத்துக் கோள் பார்ப்பவருக்கு அது தொந்தரவே கிடையாது. முதல் முறை காசிகிரெய்ன் செய்கிறவர் யார் கேட்டாலும் இதைத்தான் செய்யச் சொல்வேன். என் பெரிய ஆடி ஏற்கெனவே பரவளையமாக முடிந்து, பூச்சும் போட்டாயிற்று. அதைக் கலைக்க மனம் வராததால்தான் கடினமான பாதைக்குப் போனேன்.

நான் எடுத்தது ஜோடிக் கண்ணாடி முறை. இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கார்போரண்டம் பொடி போட்டு அரைத்தால், மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது குவியும். குவியாடியை அரைக்கும்போதே அதற்குப் பொருத்தமான குழியாடியும் பிறந்துவிடுகிறது. இரண்டையும் பாலிஷ் செய்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒற்றை நிற ஒளியில் பார்த்தால், நடுவில் இருக்கும் காற்று இடைவெளி வரிவரியாகத் தெரியும். இயற்பியல் படித்தவர்கள் கல்லூரியில் செய்திருப்பார்கள், நியூட்டன் வளையங்கள் என்று. நான் வேலை பார்ப்பது ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில்தான். சோடியம் விளக்கு, 45 பாகையில் நிற்கும் கண்ணாடித் தகடு, கோளமானி எல்லாம் அலமாரியில் இருந்தன. துறைத்தலைவரிடம் கேட்டு, சனிக்கிழமைகளில் உபயோகித்துக்கொண்டேன்.

அரைக்கும் கட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். குழியாடியின் பின்பக்கம் வழியாகத்தான் பிறகு வரிகளைப் பார்க்கப் போகிறோம். அங்கே கீறல் விழக்கூடாது. நான் முதல் நாளே டேப் ஒட்டாமல் விட்டு, மேஜையில் கிடந்த 80 எண் பொடியில் ஒரு கண்ணாடியைக் கெடுத்தேன். குவியாடியின் பின்பக்கத்துக்கு நேர் எதிர். அதை நன்றாகச் சொரசொரப்பாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கிருந்தும் ஒளி எதிரொளித்துக் குழப்பும். வளைவு ஆரத்தைக் கோளமானியால் அளந்தால் இரண்டு சதவீதம் வரை பிசகலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆரம் 533-க்குப் பதில் 520 வந்தாலும், துணை ஆடியை 3 மி.மீ. முன்னே தள்ளினால் படம் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும்.

பாலிஷுக்குப் பிட்ச் தட்டு, அதாவது கீல் போன்ற பிசின் ஊற்றிய தட்டு. இதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகள் மதுரையில் அப்படியே செல்லாது. அவர்கள் 20 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதுகிறார்கள். சித்திரையில் என் அறை 36 டிகிரி. அவர்கள் சொன்ன பதத்தில் காய்ச்சிய பிட்ச், அரைமணி நேரத்தில் இளகி, கீறிவிட்ட வாய்க்கால்கள் மூடி, கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி வழிந்து நிற்கும். விளிம்பு சரிவதற்கு இது ஒன்றே போதும். சால்டரிங்குக்கு வாங்கும் ரோசினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இறுக்கினேன். கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்தினால் நாலைந்து நொடி கழித்துத்தான் மெல்லிய தடம் விழ வேண்டும், அந்தப் பதம். வேலை நேரத்தையும் விடியற்காலை நாலரை முதல் ஆறரைக்கு மாற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் கோலம் முடியும்போது என் வேலையும் முடியும்.

சோடியம் விளக்கைப் போட்டதும் முதலில் சிவப்பாகத்தான் எரியும். சில நிமிடம் கழித்து அந்த அடர்ந்த மஞ்சளுக்கு வரும். குவியாடி கீழே, முகம் மேல்நோக்கி, அதன்மேல் குழியாடி. இரண்டையும் கழுவி, துடைத்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி வித்தியாசம் 0.295 மைக்ரான். 5 மைக்ரான் தூசி ஒன்று உட்கார்ந்தாலே பதினேழு வரி கூடிவிடும். கீறலும் விழும். கண்ணாடியைக் கையால் எடுத்து வைத்த சூடு அடங்க இருபது நிமிடமாவது விட வேண்டும். அதுவரை வரிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அப்போது எடுக்கும் எந்த முடிவும் தப்பாகத்தான் போகும். சோடியம் விளக்கு கிடைக்காதவர்கள் பழைய சி.எஃப்.எல். பல்பின் முன்னால் டிரேசிங் தாள் வைத்துப் பார்க்கலாம். இடைவெளி குறைவாக இருந்தால் பச்சை வரிகள் நன்றாகவே தெரியும்.

முதல் சுற்றில் நான் செய்தது இது. குழியாடியைக் கோளமாக வைத்துக்கொண்டேன். அதிபரவளையக் குவியாடி, நடுவிலும் விளிம்பிலும் தன்னைத் தொடும் கோளத்தைவிட 70 சதவீத ஆரத்தில் மட்டும் சற்றுப் பள்ளமாக இருக்கும். ஒளி விழும் 50 மி.மீ. அகலத்துக்கு அந்தப் பள்ளம் 0.22 மைக்ரான், அதாவது முக்கால் வரி. அந்த வளையத்தை முக்கால் வரி ஆழத்துக்குத் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். நான்கு மாதத்தில் முடித்தும்விட்டேன். வரிகள் எதிர்பார்த்த மாதிரியே வளைந்தன.

தொலைநோக்கியில் வைத்து நட்சத்திரத்தைப் பார்த்தேன். ஆடி செய்கிறவர்களுக்கான குறிப்புகள் துருவ நட்சத்திரத்தைத்தான் பார்க்கச் சொல்லும், அது நகராது என்பதால். மதுரையில் அது அடிவானத்திலிருந்து பத்து பாகை உயரத்தில் கிடக்கிறது. அந்தத் தாழ்வில் காற்று கொதிக்கிற தண்ணீர் மாதிரி. எதையும் நம்ப முடியாது. மகம் நட்சத்திரமோ கிட்டத்தட்ட நேர் உச்சிக்கே வருகிறது. அதைப் பார்த்தேன். குவியத்துக்கு உள்ளே தள்ளினால் வட்டத்தின் விளிம்பு பளிச்சென்று ஒரு வளையமாக எரிந்தது. வெளியே இழுத்தால் அதே விளிம்பு பஞ்சு மாதிரி கரைந்தது. நல்ல தொலைநோக்கியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இது கோளப் பிறழ்ச்சி, ஆடியின் நடுவும் விளிம்பும் ஒளியை வெவ்வேறு இடத்தில் குவிக்கும் குறை, அதுவும் கணிசமாக. பெரிய ஆடி நியூட்டோனியனில் இருந்தபோது இதே சோதனையில் தேறியிருந்தது. ஆகவே தவறு சின்ன ஆடியில்தான்.

ஆனால் வரிகள் சரியாகத்தானே இருந்தன? ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் எப்போதாவது ஆய்வகத்துக்கு வருவார். அவரிடம் காட்டினேன்.

“சார், வரி கணக்குப்படி முக்கால் வளைவு வருது. நீங்களே பாருங்க.”

குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். “வளைவு வருதுப்பா. அது எந்தக் கண்ணாடியோட வளைவு?”

எனக்குப் பதில் வரவில்லை. வரிகள் காட்டுவது இரண்டு பரப்புகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை. குழியாடியில் ஒரு குறை இருந்தால், நான் அதற்கு ஏற்ற மாதிரி குவியாடியையும் குறையாக்கி, வரிகளை அழகாக்கி வைத்திருப்பேன். அன்று மாலையே குழியாடியைக் கத்திமுனையில் மறுபடி வைத்தேன். நடுவெல்லாம் ஒரே சாம்பல் நிறம், அருமையான கோளம். விளிம்பில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு. அதை நான் முன்பே பார்த்திருந்தேன். ஒளி விளிம்பில் வளைவதால் வருவது என்று விட்டுவிட்டேன். இப்போது கூர்ந்து பார்த்தேன். விளிம்பு வளைவால் வரும் கோடாக இருந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும். எனக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. விளிம்பு சரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சரிந்த விளிம்போடு பொருந்த, என் குவியாடியின் விளிம்பு தேவைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது. நட்சத்திரம் காட்டியது அதைத்தான்.

இரண்டையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக இரண்டு கண்ணாடி வெட்டினேன். இந்த முறை அகலம் 55-க்குப் பதில் 62 மி.மீ. வெளி ஐந்தாறு மில்லிமீட்டர் சரிந்தாலும் போகட்டும், ஒளி விழுவது உள்ளேதான். மறைப்பு (பெரிய ஆடியின் அகலத்தில் சின்ன ஆடி மறைக்கும் பங்கு) 27.5-லிருந்து 31 சதவீதம் ஆகிறது. சின்ன மறைப்புக்காக விளிம்பைப் பணயம் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் முடிவு.

இன்னொன்றையும் மாற்றினேன். இந்த வேலையில் நான் கற்றதிலேயே பெரியது அதுதான். முக்கால் வரி வளைவைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். அரை வரிக்கும் முக்கால் வரிக்கும் நடுவே கண் ஏமாறும். கோடு நேராக இருக்கிறதா, இல்லையா என்று கேட்டால் அதே கண் பத்தில் ஒரு பங்கு வரை சொல்லிவிடும். அப்படியானால் வளைவை ஏன் குவியாடியில் தேட வேண்டும்? குழியாடியையே அதே அதிபரவளையமாகச் செய்துவிட்டால், குவியாடி சரியாகும்போது வரிகள் நேர்கோடாகிவிடும்.

குழியாடியை அதிபரவளையம் ஆக்குவது பயமுறுத்தும் பெயர், பழகிய வேலை. பரவளையம் செய்தவருக்கு நடுவை ஆழப்படுத்தும் அதே கைவீச்சுத்தான், 2.78 மடங்கு அதிகமாக. அளப்பதும் அதே கத்திமுனை. ஒளி அசையாமல் நின்று, பிளேடு மட்டும் நகரும் ஏற்பாட்டில், நடுவுக்கும் 25 மி.மீ. ஆரத்துக்கும் இடையே 3.26 மி.மீ. வித்தியாசம் வர வேண்டும். 70 சதவீத ஆரத்தில் அதில் பாதி. அளவில் 0.3 மி.மீ. தவறினாலும் பரப்பில் வரும் பிழை 0.02 மைக்ரான்தான். வரியை எண்ணி இந்தத் துல்லியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. சின்ன ஆடி என்பதால், ஒவ்வொரு வளையத்தையும் தனியாகப் பார்க்க அட்டையில் வெட்டும் ஜன்னல்கள் குறுகலாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் சிரமம். இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு அளவையும் ஐந்து முறை எடுத்துச் சராசரி பார்த்தேன். மறுநாள் காலையில் இன்னொரு முறை. விளிம்புக் கோடு இரண்டு பக்கமும் சமமாகத் தெரிந்த பிறகுதான் அதை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தேன்.

பிறகு குவியாடி. இரண்டையும் சேர்த்து வைக்கும்போது மேல் கண்ணாடியை ஒரு பக்கம் மிக லேசாக அழுத்தினால், வளையங்கள் போய் ஆறேழு இணைகோடுகள் வரும். அந்தக் கோடுகள் எந்தப் பக்கம் வளைந்தால் மேடு, எந்தப் பக்கம் வளைந்தால் பள்ளம் என்பதில் எவரும் ஒருமுறை தடுமாறுவார்கள். குவியாடியின் நடுவில் விரலைப் பத்து நொடி வைத்து எடுங்கள். சூட்டில் அந்த இடம் மேடாகும். உடனே குழியாடியை மேலே வைத்துப் பார்த்தால், கோடுகள் நடுவில் ஒரு பக்கமாகப் புடைத்து, மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குத் திரும்புவது கண்ணெதிரே தெரியும். புடைத்த திசைதான் மேட்டின் திசை. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலையை இதிலிருந்துதான் தொடங்கினேன். முழு வளையங்கள் தெரியும்போது தலையைத் தாழ்த்திச் சரிவாகப் பார்ப்பதும் உதவும். வளையங்கள் வெளியே விரிந்தால் இரண்டும் நடுவில் தொடுகின்றன, உள்ளே சுருங்கினால் விளிம்பில் தொடுகின்றன.

70 சதவீத வளையத்தைக் குறைக்க, பிட்ச் தட்டில் அந்த வளையத்துக்கு நேரே இதழ்களை அகலமாகவும், நடுவிலும் விளிம்பிலும் ஒடுக்கமாகவும் வெட்டினேன். தேய்ப்பது ஒரு நிமிடம், அதிகம் போனால் இரண்டு. பிறகு கழுவி, அரைமணி நேரம் ஆறவிட்டு, வரி பார்ப்பது. ஒரு காலைக்கு மூன்று சுற்றுக்கு மேல் நடக்காது. அவசரப்பட்டு ஐந்து நிமிடம் தேய்த்த ஒரு நாளைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆனது.

கோடுகள் நடுவிலிருந்து நேராகத் தொடங்கி, பதினேழு பதினெட்டு மில்லிமீட்டர் தள்ளி இலேசாகத் தொய்ந்து, மறுபடி நேராகும். வாராவாரம் அந்தத் தொய்வு குறைந்தது. ஒரு சனிக்கிழமை, நூல் ஒன்றைக் கண்ணாடிக்கு மேலே இழுத்துப் பிடித்துக் கோட்டோடு ஒப்பிட்டேன். நூலும் கோடும் ஒன்றாகப் போயின. வெளி நான்கு மில்லிமீட்டரில் மட்டும் கோடு வளைந்து சரிந்தது. அங்கே ஒளி விழப் போவதில்லை.

பூச்சுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடியும் நான்கு சதவீத ஒளியைத் திருப்பும். பெரிய ஆடியில் பூச்சு இருந்தால், மகம் போன்ற பிரகாசமான நட்சத்திரத்துக்கு அதுவே போதும். வெறும் கண்ணாடியாகவே மாட்டிப் பாருங்கள். தவறு இருந்தால் பூச்சைக் கரைக்கும் வேலை மிச்சம். ஆடிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்குப்படி 600 மி.மீ.க்கு வைத்துக்கொண்டு பாருங்கள். அந்தத் தூரம் மாறினாலும் கோளப் பிறழ்ச்சி வரும், அதை ஆடியின் தவறென்று நினைத்துவிடக்கூடாது.

பங்குனி வந்திருந்தது. இரவு பத்து மணிக்கு மேல், ஓடுகளின் சூடு அடங்கிய பிறகு, மகத்தைப் பிடித்தேன். உள்ளே தள்ளினேன், வெளியே இழுத்தேன். நடுவில் கரும்புள்ளி, சுற்றிலும் மெல்லிய வளையங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மாறி மாறி இருபது தடவையாவது பார்த்திருப்பேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், எழுப்பிக் காட்டவும் மனசு வரவில்லை. அப்படியே சற்று வடக்கே நகர்த்தி, அல்ஜீபா என்ற இரட்டை நட்சத்திரத்துக்குப் போனேன். நியூட்டோனியனில் ஒட்டிக்கொண்டு தெரிந்த இரண்டும், நடுவே கறுப்பு வானம் விட்டு, இரண்டு மஞ்சள் புள்ளிகளாகத் தனித்தனியே நின்றன.

குவியாடிக்கு இப்போது அலுமினியப் பூச்சு போட்டாயிற்று. குழியாடி பஞ்சு வைத்த டிபன் பாக்ஸில் அலமாரியில் இருக்கிறது. மூடியில் ஆரம் 533, பெருக்கம் 4 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். 200 மி.மீ. எஃப்/4 ஆடி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். கண்ணாடி வெட்டி, அரைத்து, பாலிஷ் வரை வந்ததும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.